விசித்திரத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை வார்த்தை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் வீட்டு மாடியில் மாலை நேர ஆங்கில வகுப்பு நடத்துகிறேன். கல்லூரிப் பிள்ளைகள், தாராசுரம் கோயிலுக்கு வரும் வெளிநாட்டவரைச் சுற்றிக்காட்டும் தம்பி ஒருவர், நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் பெண்கள், தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை வாங்கி ஆன்லைனில் விற்கும் அக்கா என்று கலவையாகத்தான் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே இடத்தில் கால் இடறுகிறது: 'வித்தியாசமா இருக்கு' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

நோட்டின் கடைசிப் பக்கங்களில் குறித்துவைத்த சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். முடிந்தால் வரிசையாகப் படியுங்கள். ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்லாமல், மேலே பார்க்கச் சொல்லித் தள்ளிவிட்டிருக்கிறேன்.

மிஸ், ஸ்ட்ரேஞ்ச், ஆட், வியர்ட், பெக்யூலியர் எல்லாம் ஒண்ணுதானே? ஏதாவது ஒண்ணைப் போட்டா ஆகாதா?

ஆகாது. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் 'தம்பி ரொம்ப வித்தியாசமானவர்' என்றால் உட்கார்ந்து மேலே கேட்போம். 'தம்பி ஒரு மாதிரி' என்றால் காபி ஆறுவதற்குள் எழுந்து வந்துவிடுவோம். ஆங்கிலத்திலும் அதே கதைதான்.

அவசரத்துக்கு இவ்வளவு போதும். எனக்குப் பழக்கமில்லை, பிடிபடவில்லை என்றால் ஸ்ட்ரேஞ்ச். வரிசையில் ஒட்டாமல் நிற்கிறது என்றால் ஆட். ஒட்டாததோடு பார்க்கவும் சங்கடமாக இருந்தால் வியர்ட். பெக்யூலியர் மட்டும் இரட்டை வேஷம் போடும் வார்த்தை. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும்.

ஸ்ட்ரேஞ்ச்னு சொன்னா திட்டுற மாதிரியா?

இல்லை. லத்தீனில் 'வெளியில் உள்ளது' என்று பொருள்படும் எக்ஸ்ட்ரேனியஸ் என்ற சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ஸ்ட்ரேஞ்ச் ஆயிற்று. ஸ்ட்ரேஞ்சர் என்றால் முன்பின் தெரியாதவர். மன்னார்குடியில் ரயில் ஏறி முதல் தடவையாக எழும்பூரில் இறங்கும் பிள்ளைக்கு அது ஸ்ட்ரேஞ்ச் ஆன இடம். அதில் எழும்பூர் மேல் ஒரு குற்றமும் இல்லை, பிள்ளைக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

ஆட்னா ஒற்றைப்படை எண்தானே, அது எப்படி விசித்திரம் ஆச்சு?

பழைய நார்ஸ் மொழியில் முக்கோணத்தின் முனையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. இரண்டு ஜோடியாக நிற்க, மூன்றாவது தனியாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்துதான் ஒற்றைப்படை, அதிலிருந்துதான் ஜோடி சேராதது. கல்யாண மண்டப வாசலில் கடைசியாக மிஞ்சிக் கிடக்கும் ஒற்றைச் செருப்பை நினைத்துக்கொள்ளுங்கள், ஆட் மறக்காது. நமக்கு ஒற்றைப்படை மங்கலம். மொய் எழுதும்போது 500 எழுத மாட்டோம், 501தான். ஆங்கிலத்தில் அந்த மங்கலம் கிடையாது.

ஒரு சின்னக் கோடு செய்யும் வேலையையும் பாருங்கள். ஃபிஃப்டி-ஆட் பீப்பிள் என்று நடுவில் இணைப்புக்கோடு போட்டால் ஐம்பது சொச்சம் பேர். கோட்டை விட்டுவிட்டால் ஐம்பது கிறுக்கர்கள். விருந்தினர் பட்டியல் அனுப்பும்போது ஞாபகம் இருக்கட்டும்.

'அவர் ஒரு மாதிரி'ங்கிறதை 'ஹி இஸ் ஒன் டைப்'னு சொல்லலாம்ல?

நம் ஊருக்குள் சொல்லலாம், எல்லாருக்கும் புரியும். காவிரி தாண்டினால் புரியாது. 'தேர் இஸ் சம்திங் ஆட் அபௌட் ஹிம்' என்பதுதான் பக்கத்தில் வருகிறது. ஆனால் பெண் பிள்ளைகள் 'பஸ்ஸில் ஒருத்தன் ஒரு மாதிரி பார்க்கிறான்' என்று சொல்வது வேறு. அதற்கு ஆட் போதாது, விஷயம் லேசாகிவிடும். க்ரீப்பி என்ற சொல் அதற்கென்றே இருக்கிறது, தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவதாக ஒரு 'ஒரு மாதிரி' உண்டு, உடம்பு ஒரு மாதிரி இருப்பது. 'ஐ ஆம் வெரி ஸ்ட்ரேஞ்ச் டுடே, கைண்ட்லி க்ராண்ட் மீ லீவ்' என்று என் மாணவி ஒருத்தி கல்லூரிக்கு லீவ் லெட்டர் எழுதினாள். இன்றைக்கு நான் மிகவும் விசித்திரமான பிறவியாக இருக்கிறேன், விடுமுறை தாருங்கள் என்று பொருள். லீவ் கிடைத்தது என்பது வேறு விஷயம். 'ஐ ஃபீல் எ பிட் ஆஃப்' அல்லது 'ஐ டோன்ட் ஃபீல் ரைட்' என்றால் சரியாக இருந்திருக்கும்.

பால் கெட்டுப்போன மாதிரி வாசனை வந்தா 'ஸ்மெல்ஸ் ஃபன்னி'ங்கிறாங்களே, அதுல சிரிக்க என்ன இருக்கு?

இதைத் தமிழ்க்காரர்கள் கேட்கவே கூடாது. 'வேடிக்கையான மனுஷன்' என்றால் சிரிக்க வைப்பவர். 'நேத்து வரைக்கும் இருந்த சாவி இன்னைக்கு இல்லை, இது என்ன வேடிக்கை!' என்றால் யாரும் சிரிக்கவில்லை. ஃபன்னிக்கும் இதே இரண்டு முகம். இடத்தை வைத்து எந்த முகம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

வியர்ட் ஸ்பெல்லிங் எனக்கு எப்பவும் தப்பாவே வருது.

எல்லாருக்கும் வருகிறது. 'சி-க்குப் பின்னால் தவிர மற்ற இடத்தில் ஐ முன்னே, ஈ பின்னே' என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த விதியை இது மதிப்பதில்லை. டபிள்யூ-வுக்குப் பிறகு ஈ, ஐ என்று வருகிறது. தன் பெயருக்கு ஏற்ற நடத்தை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு விதி, தலையெழுத்து என்று பொருள். ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்தில் வரும் மூன்று சூனியக்காரிகளுக்கு 'வியர்ட் சிஸ்டர்ஸ்' என்று பெயர். நடக்கப்போவதைச் சொல்கிறவர்கள் என்ற அர்த்தத்தில். பார்த்தவர்களுக்கு அவர்களுடைய கோலம்தான் மனதில் நின்றது போலும், சொல்லின் பொருள் மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. இன்றைக்கு இது பேச்சு வழக்குச் சொல். நண்பரிடம் தாராளமாகச் சொல்லலாம், மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் வேண்டாம். 'அன்யூஷுவல்' என்று எழுதுங்கள்.

பெக்யூலியர்னா ஸ்பெஷல்னு அர்த்தமா, கோணல்னு அர்த்தமா?

நான் அடிபட்டுக் கற்றுக்கொண்ட வார்த்தை இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஊரைப் பார்க்க வந்திருந்த வெளிநாட்டுத் தம்பதிக்கு இரண்டு நாள் மொழிபெயர்ப்பாளராகப் போனேன். கிளம்பும்போது அந்த அம்மா தன் கையால் செய்த பிஸ்கட்டை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தார். இஞ்சியும் பட்டையும் போட்டது, நன்றாகவே இருந்தது. 'இட் ஹாஸ் எ பெக்யூலியர் டேஸ்ட்' என்றேன், தனிச்சுவை என்று பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு. அவர் முகம் சுருங்கியது. டப்பாவை வாங்கி ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஊர்ந்து வந்த எறும்பைப் பார்த்தவர் மாதிரி அவர் அந்த பிஸ்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 'ஏதோ மாதிரி ருசிக்கிறது' என்று நான் சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்து அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது.

ஆனால் பின்னால் 'டு' சேர்ந்தால் கோணல் போய்விடும். 'பெக்யூலியர் டு தஞ்சாவூர்' என்றால் தஞ்சாவூருக்கே உரியது. அதுதான் சொல்லின் மூலப்பொருளும்கூட. லத்தீனில் பெக்கு என்றால் கால்நடை, அதிலிருந்து பெக்கூலியம், ஒருவருக்கே உரிய சொத்து, அதிலிருந்து பெக்யூலியர். மாடுதான் சொத்து என்பது நமக்குப் புதிதல்ல, 'மாடல்ல மற்றை யவை' என்னும் குறளில் மாடு என்றால் செல்வம்தான். லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தை இன்றும் 'ராயல் பெக்யூலியர்' என்பார்கள். பிஷப்புக்குக் கட்டுப்படாமல் நேரே அரியணையில் இருப்பவரின் கீழ் இருப்பது என்று பொருள். விசித்திரமான கட்டடம் என்று அல்ல.

அப்போ பொம்மை விக்கிற பக்கத்துல 'பெக்யூலியர் டால்ஸ் ஆஃப் தஞ்சாவூர்'னு போடலாமா?

வேண்டாம் அக்கா, யாரும் வாங்க மாட்டார்கள். 'டு' வரும்போதுதான் அந்த நல்ல பொருள் கிடைக்கும் என்று இப்போதுதான் பார்த்தோம். தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஒரு பொருளின் தரமோ பெயரோ அது பிறந்த ஊரால்தான் வருகிறது என்று சட்டம் ஒப்புக்கொண்டு தரும் அடையாளம் அது. அந்தத் தெம்பில் 'டிஸ்டிங்க்டிவ்' என்று போடுங்கள்.

டிஸ்டிங்க்ட், டிஸ்டிங்க்டிவ், டிஸ்டிங்விஷ்ட் மூணும் குழப்புது.

டிஸ்டிங்க்ட் என்றால் இதுவும் அதுவும் வேறு வேறு, கோடு தெளிவாக இருக்கிறது. குறுவை, சம்பா, தாளடி மூன்றும் டிஸ்டிங்க்ட் ஆன பருவங்கள். டிஸ்டிங்க்டிவ் என்றால் கண்ணைக் கட்டிவிட்டாலும் இதுதான் என்று சொல்லிவிடலாம். பித்தளை டபராவில் வரும் டிகிரி காபியின் மணம் டிஸ்டிங்க்டிவ். தலையைத் தொட்டால் ஆடி ஆடி நிலைக்கு வரும் பொம்மையின் அசைவும் அப்படித்தான்.

டிஸ்டிங்விஷ்ட் மனிதர்களுக்கு, பெரும்பாலும் மேடையில் சால்வை வாங்குபவர்களுக்கு.

'அன் யுனீக்' தானே சரி? 'யு' உயிரெழுத்தாச்சே?

எழுத்தைப் பார்க்காதீர்கள், ஒலியைக் கேளுங்கள். சொல் 'யு' என்று தொடங்குகிறது, அது யகர மெய்யொலி. அதனால் 'எ யுனீக்'. 'எ யுனிவர்சிட்டி', 'எ யூனிஃபார்ம்' எல்லாம் இதே கணக்கு. 'அன் அன்யூஷுவல்' என்பதில் முதல் ஒலி 'அ' என்பதால் அங்கே அன் வரும்.

'வெரி யுனீக்'னு சொன்னா தப்புன்னு சொல்றாங்க, ஆனா எல்லாரும் சொல்றாங்களே?

லத்தீனில் யூனிக்கஸ் என்றால் ஒன்றே ஒன்று. ஒன்றே ஒன்று என்பதில் கொஞ்சம், நிறைய என்று எப்படி இருக்கும்? அதுதான் கண்டிப்பானவர்கள் சொல்லும் காரணம். பேச்சில் 'அபூர்வமான' என்ற நெகிழ்ந்த பொருளில் பலரும் சொல்கிறார்கள், அகராதிகளும் அதைப் பதிவு செய்திருக்கின்றன. போட்டித் தேர்வில் வாக்கியப் பிழை கண்டுபிடிக்கச் சொன்னால் அதுதான் பிழை. அசல் பொருளைப் பார்க்க வேண்டுமானால் ஆதார் அட்டையை எடுங்கள். அதை வழங்கும் ஆணையத்தின் பெயரிலேயே யுனீக் இருக்கிறது, உங்கள் 12 இலக்க எண் வேறு யாருக்கும் கிடையாது.

என் சொந்தக் குறை என்னவென்றால், ஜவுளிக்கடை விளம்பரம் முதல் கேட்டரிங் கார்டு வரை எல்லாரும் யுனீக் என்று போட்டுப் போட்டு அதில் சாரமே இல்லாமல் போய்விட்டது. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன் லண்டனில் உடல்நலமில்லாமல் படுத்திருந்தபோது பார்க்கப்போன ஆங்கிலேயக் கணிதப் பேராசிரியர் ஹார்டி, தான் வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியம் இல்லாத எண் என்றார். இல்லை, மிகவும் 'இன்ட்ரஸ்டிங்' ஆன எண் என்றார் ராமானுஜன். இரண்டு கன எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய எண்களில் மிகச் சிறியது அதுதான்: 1, 12 இவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729, 9, 10 இவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. யுனீக் என்று சொல்லக் காரணம் இருந்த இடத்திலும் அவர் சாதாரண வார்த்தையைச் சொல்லிவிட்டு, காரணத்தைப் பின்னால் வைத்தார்.

தாராசுரத்துல யானையும் காளையும் ஒரே தலையில இருக்கிற சிற்பத்தை 'க்யூரியஸ்'னு புத்தகத்துல போட்டிருக்கு. க்யூரியஸ்னா ஆர்வமுள்ளன்னுதானே?

ஆளுக்குச் சொன்னால் ஆர்வமுள்ளவர். பொருளுக்குச் சொன்னால் ஆர்வத்தைக் கிளப்புவது. இந்தப் பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, அந்தப் பக்கத்தை மறைத்தால் காளை, இரண்டுக்கும் நடுவில் ஒரே தலை. பார்க்கிற குழந்தை நம் கையைத் தள்ளிவிட்டுத் தானே மறைத்து மறைத்துப் பார்க்கும். அந்தக் குழந்தையும் க்யூரியஸ், சிற்பமும் க்யூரியஸ். கொஞ்சம் பழைய வாடை உள்ள பிரயோகம்தான், ஆனால் இந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிசாருக்கும் பஜாருக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டும் ஒரே மாதிரி கேக்குது.

ஒரு தீபாவளிக்கு எங்கள் பகுதிக் கடை ஒன்றின் நோட்டீஸில் 'தீபாவளி பிசார்' என்றே அச்சாகி வந்தது. கூட்டத்தைப் பார்த்தபோது அதுவும் சரியாகத்தான் இருந்தது. பஜார் பாரசீகச் சொல், கடைத்தெரு. அதில் மூன்று ஏ, ஒரு ஆர். பிசாருக்கு ஒரு ஏ, இரண்டு ஆர், கடைசியில் ஈ. இத்தாலிய மொழியில் 'முன்கோபக்காரன்' என்ற பொருளில் புறப்பட்டு பிரெஞ்சு வழியாக வந்தது. ஸ்ட்ரேஞ்ச் பத்துப் படி ஏறினால் பிசார். நம்பவே முடியாத அளவுக்கு விபரீதமானதற்குத்தான் சொல்ல வேண்டும்.

எங்க தாத்தா வெயில்லயும் மழைக்கோட்டு போட்டுட்டுதான் வயலுக்குப் போவார். அவரை 'மென்டல்'னு சொல்லாம நாகரிகமா எப்படிச் சொல்றது?

எக்சென்ட்ரிக். கிரேக்கத்தில் 'மையத்திலிருந்து விலகியது' என்று பொருள். பூமியை மையமாகக் கொள்ளாத வட்டப் பாதைகளைக் குறிக்க அந்தக் காலத்து வானியலார் வைத்திருந்த சொல். அரிசி ஆலையில் சல்லடை முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறதே, அதை ஆட்டுகிற, அச்சிலிருந்து தள்ளிப் பொருத்திய வட்டத்துக்கும் எக்சென்ட்ரிக் என்றுதான் பெயர். மையம் விலகியிருப்பதால்தான் சல்லடை ஆடுகிறது, நெல் சுத்தமாகிறது. தாத்தாவிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

குவர்க்கி என்றும் கேட்டிருப்பீர்கள். அது இன்னும் லேசானது, செல்லமானது, பொருளுக்கும் சொல்லலாம். தட்டினால்தான் ஓடும் மின்விசிறி குவர்க்கி.

நர்சிங் புத்தகத்துல 'இடியோசின்க்ராட்டிக் ரியாக்ஷன்'னு வருது. அது இந்த லிஸ்ட்ல சேருமா?

சேரும். கிரேக்கத்தில் 'தனக்கே உரிய கலவை' என்று பொருள். பேச்சில் ஒருவருக்கே உரிய பாணி அல்லது பழக்கம். மருத்துவத்தில், மருந்தின் வழக்கமான வேலையை வைத்தும் அளவை வைத்தும் முன்கூட்டிச் சொல்ல முடியாமல், சிலருடைய உடம்பில் மட்டும் ஏற்படும் பாதிப்பு. வார்டில் எழுதும்போது இந்த இடத்தில் பெக்யூலியர் என்று எழுதிவிடாதீர்கள். நோயாளி மேல் குறை சொல்வது போல ஆகிவிடும்.

சூப்பர் மார்க்கெட்ல ப்ரோக்கோலியை 'எக்ஸாட்டிக்'னு போட்டிருக்கான். முருங்கைக்காய் எக்ஸாட்டிக் இல்லையா?

லண்டனில் எக்ஸாட்டிக்தான். ஸ்ட்ரேஞ்ச் போலவே இதற்கும் மூலம் 'வெளியிலிருந்து வந்தது', கிரேக்கத்தில். ஆனால் இங்கே வெளியூர் என்பதில் ஒரு மயக்கம், ஒரு கவர்ச்சி சேர்ந்துவிட்டது. இதே 'வெளிநாட்டு' மூலத்தில் பிறந்த அவுட்லேண்டிஷ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை, அது 'கோமாளித்தனமான' என்ற பொருளுக்குப் போய்விட்டது.

தாவரவியல்காரர்கள் எக்ஸாட்டிக் என்றால் கவர்ச்சி எதுவும் கிடையாது. வேற்று மண்ணிலிருந்து கொண்டுவரப்பட்டது, அவ்வளவுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளியை அடைக்கும் சீமைக்கருவேலம் அந்தக் கணக்கில் எக்ஸாட்டிக். மனிதர்களை அப்படிச் சொல்லாதீர்கள். 'நீ எங்கள் கூட்டம் இல்லை' என்று கன்னத்தைக் கிள்ளிச் சொல்வது போல இருக்கும்.

தரங்கம்பாடியைப் பத்தி எழுதுறவங்க எல்லாம் 'குவெய்ன்ட்'னு எழுதுறாங்களே?

பழமையும் அழகும் சேர்ந்து, இந்தக் காலத்துக்குக் கொஞ்சம் ஒட்டாமல் இருப்பது குவெய்ன்ட். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையும், கடலைப் பார்த்த அமைதியான தெருக்களும் உள்ள ஊருக்கு அது பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அது சுற்றுலா வந்தவரின் வார்த்தை. நாட்டு ஓடு மாற்ற ஆள் கிடைக்காமல், மழைக்கு மழை பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடிக்கும் அக்ரகாரத்து வீட்டுக்காரர் தன் வீட்டைக் குவெய்ன்ட் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஒருவருடைய நம்பிக்கையைக் குவெய்ன்ட் என்றால், 'பாவம், பழங்காலத்து ஆள்' என்று தட்டிக்கொடுப்பது மாதிரி.

ஈரிக்கும் அன்கேனிக்கும் வித்தியாசம் சொல்லுங்க. ரெண்டுமே பேய்தானே?

பேய் வர வேண்டிய அவசியமில்லை. ஈரி என்பது சூழ்நிலைக்கு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. விடிந்ததும் திருத்துறைப்பூண்டியில் என் அம்மா வீட்டுக் கொல்லையில் போய் நின்றேன். தென்னை எல்லாம் தலை கலைந்து ஒரே திசையில் படுத்திருந்தது. உறுத்தியது அது கூட இல்லை, சத்தம் இல்லாததுதான். காக்கை இல்லை, அணில் இல்லை, தெருவில் மனிதக் குரல் இல்லை. தினமும் கீச்சிடும் கொல்லைக் கதவு கழன்று விழுந்திருந்ததால் அந்தச் சத்தம்கூட இல்லை. ஈரி என்ற சொல்லை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கே அர்த்தம் தெரிந்தது.

அன்கேனி என்பது தெரிந்ததும் தெரியாததும் ஒன்றாக வந்து குழப்புவது. முன்பின் தெரியாத ஒருவர் இறந்துபோன சித்தப்பாவின் குரலிலேயே 'என்னம்மா' என்றால் அது அன்கேனி. 1970இல் மசாஹிரோ மோரி என்ற ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் ஒன்று சொன்னார்: பொம்மை மனிதனைப் போல ஆக ஆக நமக்குப் பிடிக்கும், ஏறத்தாழ மனிதனாகவே ஆகிவிட்டால் சட்டென்று குமட்டும். விருப்பம் அப்படிச் சரிந்து விழும் பள்ளத்துக்கு ஆங்கிலத்தில் 'அன்கேனி வேலி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. தலையாட்டி பொம்மைக்கு இந்தத் தொல்லை இல்லை, அது தன்னை மனிதன் என்று நம்பச் சொல்வதே இல்லை. ஜவுளிக்கடை வாசலில் கண் சிமிட்டாமல் கைகூப்பி நிற்கும் மெழுகுச் சிலைப் பெண்ணைப் பார்த்துக் குழந்தை அழுதால், அந்தக் குழந்தை அந்தப் பள்ளத்தில் இருக்கிறது.

அப்பாவோட பழைய டிக்ஷனரியில 'குவியர்'னா விசித்திரமானன்னு போட்டிருக்கே, சொல்லலாமா?

அந்தப் பொருளில் இன்றைக்குச் சொல்லாதீர்கள். நடுவில் அது பாலியல் சிறுபான்மையினரை இழிவாகச் சொல்லும் வசையாக இருந்தது. பிறகு அவர்களில் பலரே அதை எடுத்துத் தங்கள் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். பழைய கதைகளில் வந்தால் 'விசித்திரமான' என்று புரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

'ஸ்ட்ரேஞ்ச்லி' வாக்கியத்துல எங்கே போட்டாலும் ஒண்ணுதானே?

இல்லை, இடம் மாறினால் பொருளே மாறும். 'ஹி ஸ்மைல்ட் ஸ்ட்ரேஞ்ச்லி' என்றால் சிரித்த விதம் ஒரு மாதிரி. 'ஸ்ட்ரேஞ்ச்லி, ஹி ஸ்மைல்ட்' என்றால் சிரித்ததே அதிசயம். முன்னால் வந்து, பின்னால் காற்புள்ளியும் போட்டால் அது முழு வாக்கியத்தின் மேல் உட்கார்ந்துகொள்கிறது. ஆட்லி, க்யூரியஸ்லி எல்லாம் இப்படித்தான்.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. அப்படித் திறக்க முடியாமல் போன வருஷங்கள்தான் அதிகம். 'ஸ்ட்ரேஞ்ச்லி, த வாட்டர் கேம் ஆன் டைம்' என்று வகுப்பில் உதாரணம் சொன்னேன். விவசாயி வீட்டுப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், மற்றவர்களுக்கு அவர்கள்தான் விளக்கினார்கள்.

வலங்கைமான் பாடைக்காவடியை வெளிநாட்டுக்காரங்களுக்கு எப்படிச் சொல்றது? 'பிசார்'னா சாமிகுத்தம் ஆயிடும்போல இருக்கே.

ஆகிவிடும். பங்குனியில் வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலில், சாகக் கிடந்து பிழைத்தவர்கள் வேண்டுதலுக்காகப் பாடையில் படுத்துக்கொள்ள, உறவுக்காரர்கள் இறுதிச் சடங்கு போலவே எல்லாம் செய்து கோயிலைச் சுற்றித் தூக்கி வருவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு பிசார், வியர்ட் இரண்டும் நாக்கு நுனியில் வந்து நிற்கும். படுத்திருப்பவருக்கு அது பிழைத்து வந்ததற்குச் செலுத்தும் கடன். விடாமல் ஒரு அடைமொழி கேட்டால் 'எக்ஸ்ட்ராஆர்டினரி' என்பேன், வழக்கத்துக்கு அப்பாற்பட்டது. அதை ஒரே சொல்லாக எழுத வேண்டும். இரண்டாகப் பிரித்தால் 'கூடுதல் சாதாரணம்' ஆகிவிடும்.

ஆனால் அடைமொழியே இல்லாமல், என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். யார் படுத்திருக்கிறார், ஏன் படுத்திருக்கிறார் என்று சொன்னாலே கேட்பவர் தனக்கு வேண்டிய வார்த்தையைத் தானே எடுத்துக்கொள்வார். ஆங்கிலப் பேச்சால் 'வெள்ளி நாக்கு' என்று பெயர் வாங்கிய சீனிவாச சாஸ்திரி பிறந்ததும் இதே வலங்கைமான்தான். அவர் எந்த வார்த்தையைப் போட்டிருப்பார் என்று எனக்கு இன்னும் ஆசையாக இருக்கிறது.

இவ்வளவு யோசிச்சா வாயே திறக்க முடியாது மிஸ். எங்கேயும் மாட்டிக்காத மாதிரி ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க.

'அன்யூஷுவல்'. வழக்கமாகப் பார்ப்பது அல்ல, அவ்வளவுதான் அதன் பொருள். புகழவும் இல்லை, இகழவும் இல்லை. சாப்பாட்டுக்கும் சொல்லலாம், சடங்குக்கும் சொல்லலாம், மேலதிகாரியின் சட்டைக்கும் சொல்லலாம்.

இதைச் சொல்லிக்கொடுத்த மறுநாள் தாராசுரத்துத் தம்பி வந்தார். ஒரு மணி நேரச் சுற்றில் தூண், படிக்கட்டு, நந்தி, கடைசியில் வாசலில் விற்ற வெள்ளரிப்பிஞ்சு வரை எல்லாவற்றையும் அன்யூஷுவல் என்று சொல்லியிருக்கிறார். 'வேற ஒண்ணு சொல்லுங்க மிஸ்' என்று நோட்டை நீட்டினார். முதல் கேள்வியிலிருந்து படிக்கச் சொன்னேன்.